நூறு பறவைகளும் முந்நூறு பன்றிகளும்: சிறுவர் கணிதப் புதிர்களின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

ஆகாயத்திலே பறந்து சென்ற கொக்குக் கூட்டமொன்றைக் கண்ட வழிப்போக்கன் ஒருவன், நூறு கொக்குகள் போகின்றன என்று வியந்து கூறினான். முன்னே பறந்த கொக்கு அதனை மறுத்தது. தாங்களும், தங்களளவு இன்னொரு கூட்டமும், தங்களிற் பாதியும், அப்பாதியிற் பாதியும் சேர்ந்து, வழிப்போக்கனையும் கூட்டிக்கொண்டால் மாத்திரமே நூறாகும் என்றது. எனின், பறந்த கொக்குகள் எத்தனை? தமிழ் வழங்கும் ஊர்களிலே, கொக்கு சிலவிடத்துக் கிளியாகவும் சிலவிடத்துப் புறாவாகவும் மாற, இக்கணக்கு நெடுங்காலமாக வாய்மொழியாக வழங்கி வருகின்றது. விடை 36. முப்பத்தாறும் முப்பத்தாறும் எழுபத்திரண்டு, பாதி பதினெட்டு, அதிற் பாதி ஒன்பது, ஆகத் தொண்ணூற்றொன்பது, வழிப்போக்கனோடு நூறு.

இதே கணக்கு, இதே விடையுடன், ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட இலத்தீன் ஏடுகளிலும் காணப்படுகின்றது. ஆங்கே வழிப்போக்கன் காண்பது கொக்குகளையன்று, எதிரே வரும் மனிதர்களை. ஏனைய யாவும் ஒன்றே. எது எதனினின்று பிறந்தது என்று துணிதல் எளிதன்று. வணிகரும் யாத்திரிகரும் சுமந்து சென்ற பொருள்களுள் எடையற்றதும் சுங்கம் இறுக்கவேண்டாததும் புதிர் ஒன்றே என்று கூறி அமைவது நன்று. இன்று இணையத்தின் வழியே இலவசமாகக் கிடைக்கும் கணிதப் புதிர்களைச் சிறுவர்க்கு நல்கலாமா, நல்கினால் பயன் யாது என்பன கல்வியுலகிற் பேசப்படுகின்றன. இவற்றைப் புத்தம் புதிய வினாக்களாகக் கருதுவோர் பலர். ஆயின், புதிர் கொண்டு கணிதம் பயிற்றும் முறைக்கு நீண்டதொரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை நோக்கும்போது, புதிர் இலவசமாகக் கிடைத்ததா என்பதிலும் பார்க்க, விடை கண்ட சிறுவனிடம் அடுத்ததாக யாது கேட்கப்பட்டது என்பதே முக்கியமானதெனப் புலப்படும்.

மேற்குறித்த இலத்தீன் தொகுதியின் பெயரை 'இளையோர் மதியைக் கூராக்கும் கணக்குகள்' எனத் தமிழாக்கலாம். இதன் ஆசிரியர் யோர்க் நகரத்து அறிஞரான அல்குயின் எனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. அவர் 781 ஆம் ஆண்டிலே பார்மா நகரிற் சார்ளிமேன் மன்னனைச் சந்தித்து, அவன் அழைப்பை ஏற்று அரசவைப் பள்ளியிலே போதித்தவர். 796 இலே தூர் நகரத்து மடத்தின் தலைவராகி 804 இலே மறைந்தவர். மன்னனுக்கு 799 இல் அவர் எழுதிய கடிதமொன்றில், மகிழ்ச்சியின் பொருட்டுச் சில எண்கணித நுட்பங்களை அனுப்புவதாகக் குறிப்பிட்டுள்ளார். அந்நுட்பங்கள் இத்தொகுதியைச் சார்ந்தனவே என்று ஐயமறக் கூறவியலாதெனினும் அவ்வாறு கருதுவதில் தவறில்லை.

ஐம்பத்து மூன்று கணக்குகளைக் கொண்ட இத்தொகுதியிலே ஓநாயையும் ஆட்டையும் கோவாவையும் ஆற்றைக் கடத்தும் புதிர் உலகப் பிரசித்தி பெற்றது. ஆயின், ஆசிரியராக விரும்பும் ஒருவர் ஊன்றி நோக்க வேண்டியவை அதனினும் பிரசித்தி குறைந்த சில. நாள் முழுவதும் உழுத எருது, இறுதி உழவுச் சாலிலே எத்தனை காலடிச் சுவடுகளை விட்டுச் சென்றது? ஒன்றேனும் இல்லை, எருது முன்னே செல்ல, பின்னே வரும் கலப்பை அச்சுவடுகளை அழித்துவிடும். வயலை அறிந்த சிறுவன் இதற்கு உடனே விடை கூறுவான். ஏட்டை மாத்திரம் அறிந்தவன் பெருக்கத் தொடங்குவான்.

நூறு படிகளைக் கொண்ட ஏணிக் கணக்கொன்றும் அதிலுண்டு. முதற்படியில் ஒரு புறா, இரண்டாவதில் இரண்டு, இவ்வாறே நூறாவதில் நூறு. மொத்தம் எத்தனை? ஒன்றையும் தொண்ணூற்றொன்பதையும் சேர்த்து நூறு, இரண்டையும் தொண்ணூற்றெட்டையும் சேர்த்து நூறு என இணை பிரித்து, துணையின்றி எஞ்சும் ஐம்பதாம் படியையும் நூறாம் படியையும் இறுதியிற் கூட்டி 5050 என்னும் விடை அங்கே பெறப்படுகின்றது. ஜேர்மானியக் கணிதமேதை கௌஸ் தம் பள்ளிப் பருவத்திலே இத்தகைய கூட்டற் கணக்கொன்றைக் கணப்பொழுதிற் செய்து ஆசிரியரைத் திகைக்க வைத்த கதையைப் பலரும் அறிவர். அக்கதையின் சிறுவன் பிறப்பதற்குச் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அவ்வழி பள்ளிச் சிறுவர்க்குரியதாய் இருந்தமை, மேதைமையைப் போற்றும் ஆர்வத்திலே மறக்கப்படுவதொன்று.

இத்தொகுதியின் நாற்பத்து மூன்றாம் கணக்கு விசித்திரமானது. ஒருவனிடம் முந்நூறு பன்றிகள் இருந்தன. மூன்று நாள்களில், நாளொன்றுக்கு ஒற்றைப்பட எண்ணிக்கையாக, அவை யாவற்றையும் கொல்லல் வேண்டும். நாளுக்கு எத்தனை? இதற்கு விடையில்லை. ஒற்றை எண் இரண்டினைக் கூட்ட இரட்டை எண் வரும், மூன்றாவது ஒற்றையையும் கூட்ட மீண்டும் ஒற்றையே வரும், முந்நூறோ இரட்டை. தொகுதியும் இதனை மறைக்கவில்லை. இது வெறுங்கதை என்றும், எவராலும் தீர்க்கவியலாதது என்றும், சிறுவரைக் கண்டித்தற்பொருட்டு அமைந்தது என்றும் அங்கே குறிப்புண்டு. அடங்காத மாணவர்க்கு இக்கணக்கைக் கொடுத்துவிட்டு அமைதியாகச் சாய்ந்திருந்த ஆசிரியர் ஒருவரை இக்குறிப்பின் பின்னே காணலாம். அவரது நோக்கம் அவ்வளவு உயர்ந்ததன்று. எனினும், விடையற்ற வினாவொன்றைக் கொடுத்ததன் மூலம், 'முடியாது' என்பதும் கணிதத்தில் ஒரு விடையே எனவும், அதற்கும் காரணங் காட்டல் வேண்டும் எனவும் உணர்த்தும் வாய்ப்பை அவர் தம்மை அறியாமலே ஏற்படுத்திவிட்டார்.

விடையற்ற கணக்கு ஒரு புறமிருக்க, விடைகள் பல உள்ள கணக்கு இன்னொரு புறம். குடும்பத் தலைவன் ஒருவன் நூறு பேருக்கு நூறு படி தானியத்தைப் பங்கிடுகின்றான். ஆணுக்கு மூன்று படி, பெண்ணுக்கு இரண்டு, பிள்ளைக்கு அரை. அல்குயினின் தொகுதி தரும் விடை: ஆண்கள் 11, பெண்கள் 15, பிள்ளைகள் 74. விடை சரியானதே. ஆயின், ஆண்கள் 2, பெண்கள் 30, பிள்ளைகள் 68 என்பதும் சரியே. 5, 25, 70 என்பதும் சரி. 8, 20, 72. 14, 10, 76. 17, 5, 78 என்பனவும் சரி. மூவகையினரும் இடம்பெற ஆறு விடைகள் உள்ளனவாக, ஒன்றைக் கூறியதோடு தொகுதி நின்றுவிடுகின்றது. வேறு விடை உண்டா என்னும் இரண்டாவது வினா அங்கே எழவில்லை.

அவ்வினா வேறு நாடுகளிலே முன்னரே எழுந்திருந்தது. ஐந்தாம் நூற்றாண்டுச் சீனக் கணித அறிஞர் சாங் சியூஜியன் தமது நூலின் இறுதியில் நூறு கோழிகள் பற்றிய கணக்கொன்றை வைத்தார். சேவல் ஐந்து காசு, பேடு மூன்று காசு, குஞ்சு மூன்று ஒரு காசு. நூறு காசுக்கு நூறு கோழி வாங்குக. 4, 18, 78 என்றும், 8, 11, 81 என்றும், 12, 4, 84 என்றும் மூன்று விடைகளை அவர் தந்தார். சேவலை நான்கு கூட்டி, பேட்டை ஏழு குறைத்து, குஞ்சை மூன்று கூட்டுக என்பதே ஒரு விடையினின்று மற்றொன்றுக்குச் செல்ல அவர் காட்டிய வழி. அதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை. ஏன் நான்கு, ஏன் ஏழு என்பதைப் படிப்பவன் தானே கண்டுகொள்ள வேண்டும்.

இந்தியாவிலே, ஒன்பதாம் நூற்றாண்டில் இராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்து வாழ்ந்த சமணக் கணித அறிஞர் மகாவீரர், 'கணித சார சங்கிரகம்' என்னும் நூலிலே அதே நூறு பறவைகளை அரச குமாரனின் விளையாட்டுக்காக வாங்கி வருமாறு ஒருவனை அனுப்புகின்றார். புறா ஐந்து மூன்று பணம், நாரை ஏழு ஐந்து பணம், அன்னம் ஒன்பது ஏழு பணம், மயில் மூன்று ஒன்பது பணம். புறா 15, நாரை 28, அன்னம் 45, மயில் 12 என்பது ஒரு விடை. புறா 5, நாரை 56, அன்னம் 27, மயில் 12 என்பது மற்றொன்று. இன்னும் உள்ளன. அவற்றைத் தேடும் இன்பத்தை வாசகரிடமிருந்து பறித்தல் தகாது. அரச குமாரன் பறவைகளோடு விளையாடினானோ இல்லையோ, கணக்கோடு விளையாடியவர் பலர்.

இவ்வரலாற்றின் திருப்புமுனை எகிப்திலே நிகழ்ந்தது எனலாம். மகாவீரருக்குச் சற்றே பிற்பட்டவரான அபூ காமில், பறவைக் கணக்குகளுக்கென்றே தனி நூலொன்று யாத்தார். உயர்ந்தோரும் தாழ்ந்தோரும், கற்றோரும் கல்லாதோரும் இக்கணக்கைப் பொழுதுபோக்காகக் கொண்டு, ஒருவரையொருவர் வினவி, முறையேதுமின்றி ஊகத்தால் விடை கூறிவருவதைக் கண்டே தாம் எழுத முற்பட்டதாக அவர் முன்னுரையிற் கூறுகின்றார். அவர் எடுத்துக்கொண்ட கணக்குகள் ஆறு. அவற்றுள் ஒன்றுக்குத் தாம் கண்ட விடைகள் 2676 என்கின்றார். சந்தையிலும் திண்ணையிலும் கூறப்பட்ட ஒரு கணக்கு, விடைகள் அனைத்தையும் கண்டுவிட்டோமா, கண்டுவிட்டோம் என்பதை எவ்வாறு அறிவது என்னும் வினாக்களால் முறையான கணிதமாயிற்று.

தமிழ் மரபை இவ்விடத்து நோக்குதல் பொருத்தமானது. திண்ணைப் பள்ளிகளிலே பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகி, எண்சுவடியின் வாய்பாடுகளை மனனஞ் செய்தனர். முந்திரி, அரைக்காணி முதலாய கீழ்வாயிலக்கங்களை நாவிலே நிறுத்திய அப்பயிற்சியின் கடுமை இக்காலத்தவர்க்கு மலைப்பூட்டும். காரிநாயனார் இயற்றிய 'கணக்கதிகாரம்' வாய்பாட்டுக்கு அப்பாற்பட்டது. நிலம், பொன், நெல், காலம் பற்றிய கணக்குகளோடு வியப்பூட்டும் வினாக்களையும் செய்யுளிலே தருவது. பலாப்பழத்தை வெட்டாமலே சுளைகளின் தொகையை அறிவதற்கு அது வழி கூறுகின்றது. காம்பைச் சுற்றியுள்ள சிறு முள்களை எண்ணி, ஆறாற் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். பூசணிக்காயின் கீற்றுகளை எண்ணி விதைகளின் தொகை காணவும் இத்தகைய விதியுண்டு.

இவ்விதிகள் உண்மையா என்று கேட்போர் இக்காலத்திற் பெருகியுள்ளனர். முன்னோர் அறிவின் அற்புதம் எனப் போற்றுவோர் ஒரு சாரார், வெறுங்கற்பனை எனத் தள்ளுவோர் மறு சாரார். இவ்விரு சாராரும் பெரும்பாலும் பழத்தை வெட்டிப் பார்ப்பதில்லை. சுளைகளை வேறாக எண்ணவேண்டியதில்லை என்ற கருத்தோடு செய்யுள் முடிகின்றது. வகுப்பறையிலோ கணிதம் அவ்விடத்திலேதான் தொடங்க வேண்டும். பத்துப் பழங்களின் முள்ளையும் சுளையையும் எண்ணி, விதி எத்தனை தடவை பொருந்திற்று, எவ்வளவு தவறிற்று எனக் குறிக்கும் பிள்ளைகள் புள்ளிவிபரவியலின் வாயிலில் நிற்பர். பழம் தின்னவும் கிடைக்கும். திண்ணைப் பள்ளி மரபிலே நினைவாற்றல் பெருமை பெற்ற அளவுக்கு இரண்டாவது வினா இடம்பெற்றதா என்பது ஆராயத்தக்கது. எண்சுவடி முதலிய நூல்களையும் அவற்றைப் பயின்ற சமூகத்தையும் ஆராய்ந்து து. செந்தில் பாபு 2022 இல் வெளியிட்ட நூல் இத்துறையில் மேலும் முயல்வோர்க்கு வழி திறந்துள்ளது.

அச்சியந்திரம் புதிரை வணிகப் பொருளாக்கியது. அமெரிக்காவின் சாம் லொயிட் இதற்குத் தக்க சான்று. பதினைந்து கட்டைகளை நகர்த்தும் விளையாட்டிலே 14 ஐயும் 15 ஐயும் மாத்திரம் இடம் மாற்றிவைத்து, அதனைச் சீர்செய்வோர்க்கு ஆயிரம் டொலர் பரிசு என அவர் அறிவித்தார். அது இயலாதது என்பது 1879 இலேயே கணித ஏடொன்றில் நிறுவப்பட்டிருந்தமையால், பரிசுத் தொகைக்கு ஆபத்து நேரவில்லை. அவ்விளையாட்டைக் கண்டுபிடித்தவரும் அவரல்லர். அப்பெருமையையும் அவர் தமதாக்கிக் கொண்டார். அல்குயினின் முந்நூறு பன்றிகளே இங்கு வேறுருவில் விலைக்கு வந்தன எனினும் பிழையாகாது.

அச்சியந்திரத்தின் நல்ல பயனைக் காண ஹங்கேரி நாட்டுக்குச் செல்ல வேண்டும். கியோர் நகரிலே இடைநிலைப் பள்ளி ஆசிரியராயிருந்த டானியேல் அரன்யி, 1894 இல் மாணவர்க்கான கணித சஞ்சிகையொன்றைத் தொடங்கினார். மாதந்தோறும் கணக்குகள் அச்சாகும். நாட்டின் எம்மூலையிலுள்ள மாணவனும் தீர்வை எழுதித் தபாலில் அனுப்பலாம். சிறந்த தீர்வு, அதனை எழுதிய மாணவனின் பெயரோடு, பின்வரும் இதழில் வெளியாகும். நாளடைவிலே சிறந்த மாணவரின் புகைப்படங்களும் வெளியாயின. விடையை மாத்திரம் அனுப்பியவனுக்கு அங்கே மதிப்பில்லை. வழி முழுவதையும் எழுத வேண்டும். முதலாம் உலக யுத்தம் தொடங்கிய 1914 இல் நின்றுபோன அச்சஞ்சிகை 1925 இல் மீண்டும் எழுந்து, இரண்டாம் யுத்தத்தின் இடையீட்டையும் கடந்து இன்றும் வெளிவருகின்றது. பால் ஏர்டிஷ் முதலாய கணித மேதைகள் தம் பள்ளிப் பருவத்தில் அதற்குத் தீர்வெழுதியவர்கள். ஒரு சிறிய நாடு இத்தனை கணித அறிஞரை ஈன்றமைக்கு வேறு காரணங்களும் உள. எனினும், தன் வகுப்பிலே உசாவுதற்கு ஒருவருமற்ற மாணவனுக்குத் தன்னையொத்தவர் வேறெங்கோ உளர் என்பதை அம்மாதாந்தத் தாள்கள் அறிவித்தன.

புடாபெஸ்ட் நகரிற் பிறந்த ஜோர்ஜ் பொல்யா 1945 இல் வெளியிட்ட நூலொன்றிலே, கணக்கைத் தீர்ப்பதற்கு நான்கு படிகளை வகுத்தார். அவற்றுள் இறுதியானது, விடை கண்ட பின்னர் திரும்பி நோக்குதல். விடையைச் சரிபார்க்க இயலுமா, வேறு வழியால் அதனைப் பெற இயலுமா, இவ்வழியை வேறொரு கணக்குக்குப் பயன்படுத்த இயலுமா என அவர் வினவச் சொன்னார். அபூ காமிலின் வினா, ஆயிரம் ஆண்டுகளின் பின்னர், கற்பித்தல் முறையாக வடிவெடுத்தமையை ஈண்டுக் காணலாம்.

சோவியத் ஒன்றியத்தின் யாக்கோவ் பெரெல்மனைக் குறிப்பிடாது இப்பகுதியை முடித்தல் இயலாது. சிறுவர்க்காகக் கணிதம், பௌதிகம் பற்றிச் சுவைபட எழுதிய அவரது முயற்சியால் 1935 இல் லெனின்கிராட் நகரிலே 'சுவையான விஞ்ஞான இல்லம்' திறக்கப்பட்டது. பொருள்களைத் தொடலாகாது என்ற அறிவித்தல் வழக்கமாயிருந்த காலத்தில், பள்ளிப் பிள்ளைகள் அங்கே அவற்றைத் தொட்டும் இயக்கியும் பார்த்தனர். 1941 இல் யுத்தம் அதனை மூடியது. ஜேர்மானியரின் முற்றுகையிலே, 1942 மார்ச்சு மாதத்தில், பெரெல்மன் பட்டினியால் இறந்தார். அவருடைய நூல்கள் மலிவுப் பதிப்புகளாகப் பிற்காலத்தில் இலங்கை, இந்தியப் புத்தகசாலைகளுக்கும் வந்தன.

கணினி வலையமைப்புப் பரவிய பின்னர், 1996 இலே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 'என்றிச்' என்னும் திட்டம் தொடங்கிற்று. கணித ஆர்வமிருந்தும் தம் பள்ளியில் துணையற்றிருந்த மாணவரை நோக்கியதாகவே அது முதலில் அமைந்தது. பின்னர் எல்லா மாணவர்க்குமாக விரிந்தது. புதிர்கள் இலவசம். மாணவர் தீர்வை எழுதியனுப்ப, தேர்ந்தவை பெயரோடும் பள்ளியின் பெயரோடும் வெளியாகும். ஹங்கேரியச் சஞ்சிகையின் முறையே இங்குத் தபாற்காரன் இன்றித் தொடர்கின்றது. எல்லா விடைகளையும் கண்டுவிட்டாயா, அதனை எவ்வாறு நிச்சயிப்பாய் என்று அதன் புதிர்கள் அடிக்கடி வினவுகின்றன.

இணையத்தில் இன்னொரு மரபும் உண்டு. தொலைவிலிருந்த உறவுச் சிறுமியொருத்திக்கு 2004 இல் கணிதம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய சல்மான் கான், 2008 இலே 'கான் அக்கடமி' என்னும் இலாப நோக்கற்ற அமைப்பை நிறுவினார். அதன் பாடங்களும் பயிற்சிகளும் இலவசம்; கோடிக்கணக்கானோர் பயன்பெற்றுள்ளனர். அதன் பயிற்சிகளிலே விடை இட்டவுடன் சரி அல்லது பிழை என்னும் தீர்ப்புக் கிடைக்கும். இதனை இகழ்தல் நேர்மையன்று. பிழையைத் திருத்த அடுத்த கிழமை வரை காத்திராத வசதியை எந்த ஆசிரியரும் நாற்பது பிள்ளைகளுக்கு ஒருங்கே அளித்ததில்லை. வாய்பாட்டையும் பின்னத்தையும் பழக்குதற்கு அது சாலப் பொருத்தமானது. ஆனால், உடனே புள்ளியிடும் பொறிக்கு ஏற்ற கணக்கு ஒரே விடையுடைய கணக்கு. நூறு படி தானியத்தைப் பங்கிடும் கணக்கிலே ஆறு விடைகளுள் ஒன்றை இட்ட சிறுமியை, மீதி ஐந்தையும் தேடுமாறு தூண்ட வேண்டும். பன்றிக் கணக்கிலே வெற்றிடத்தை விட்டுச் சென்ற சிறுவன் காரணங் கண்டுவிட்டானா, களைத்துவிட்டானா என்பதை அறிய வேண்டும். அவன் முகத்தைப் பார்ப்பவர் அதனை அறிவார்.

இவ்வேறுபாடு எமது நாட்டிலே கணினியின் வருகையால் ஏற்பட்டதன்று. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் முதலாம் வினாத்தாள் பிள்ளைகளின் நுண்ணறிவை அளப்பதாய் அமைந்தது. கோலங்கள், தொடர்கள், ஒப்புமைகள் என அதிலே வருவன பலவும் இயல்பிற் புதிர்களே. நல்ல பாடசாலையில் இடம் பெறுதல் அப்பரீட்சையோடு பிணைந்தமையால், பத்து வயதுப் பிள்ளைகள் தனியார் வகுப்புகளிலே மாதிரி வினாத்தாள்களை நூற்றுக்கணக்கிற் செய்து பழகுகின்றனர். புதிரைக் கண்டு திகைக்கும் கணமே கற்கும் கணம். அத்திகைப்பு நேராவண்ணம் முற்கூட்டியே எல்லா வகைகளையும் பழக்கிவிடுவதே அவ்வகுப்புகளின் திறமையாகக் கொள்ளப்படுகின்றது. சரியான ஒன்றைத் தெரிவு செய்தவன் அடுத்த வினாவுக்கு ஓட வேண்டும். வேறு விடை உண்டா என்று நின்று நினைப்பவன் பின்தங்குவான்.

இலவசம் என்னும் சொல்லையும் எமது நாட்டின் நிலைமையில் வைத்துப் பார்த்தல் வேண்டும். கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் 1945 இல் நடைமுறைக்கு வந்த நாடு இது. 2020 மார்ச்சிலே பெருந்தொற்றுக் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கற்றல் கையடக்கத் தொலைபேசிக்குப் பெயர்ந்தது. கல்வி அமைச்சின் 'ஈ-தக்சலாவ' தளம் மும்மொழியிலும் இருந்தது. உலகின் சிறந்த புதிர்த் தளங்களும் திறந்தே இருந்தன. ஆயின், தொலைபேசியும் டேட்டாவும் இலவசமல்ல. ஒரே தொலைபேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்த வீடுகள் இருந்தன. சமிக்ஞை தேடிக் குன்றுகளிலும் மரங்களிலும் பிள்ளைகள் ஏறியமை வெளிநாட்டுப் பத்திரிகைகளிலும் செய்தியாயிற்று. தளங்களை அடைந்தவர்க்கும் அங்கே ஆங்கிலமே பெரும்பாலும் எதிர்ப்பட்டது. சொற்களால் அமைந்த புதிரிலே மொழி தடுமாறினால் கணக்கும் தடுமாறும்.

அல்குயினின் தொகுதி 1992 இலே முழுமையாக ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டுக் கணித ஆசிரியர்க்கான சஞ்சிகையொன்றில் வெளிவந்தபின், அதன் புதிர்கள் பல வகுப்பறைகளுக்கும் தளங்களுக்கும் பரவின. கணக்கதிகாரத்தின் வினாக்களும் ஊர்களில் வழங்கும் கொக்குக் கணக்கு முதலாயினவும், இன்றைய பிள்ளைகளுக்கு விளங்கும் தமிழில், விடையோடு நில்லாது இரண்டாவது வினாவையும் சேர்த்துத் தொகுக்கப்படுமாயின், ஆசிரியர்க்கு அது பெருந்துணையாகும். பல்கலைக்கழகங்களின் தமிழ்த்துறையும் கணிதத்துறையும் ஒரு மேசையில் அமர்ந்து செய்யவேண்டிய பணி அது. அத்தொகுப்பு இணையத்தில் இருப்பது நன்று. அச்சிலும் இருத்தல் வேண்டும். ஆயின் 2022 மார்ச்சிலே, கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. அம்மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் தடைப்பட்டது. அவ்விரவுகளிலே பிள்ளைகளிடம் கேட்பதற்குப் பெரியோரிடம் கைவசம் இருந்தது, முப்பத்தாறு கொக்குகளின் கணக்கு.